அவையடக்கமும் அவையச்சமும்

எழுதுவோர் பெருகிய காலம் இது. எழுதியதை ஒளித்து வைப்போரும் அதே அளவிற்குப் பெருகியுள்ளனர் என்பது தமிழ் கற்பிப்போர்க்கு நன்கு தெரிந்த செய்தி. இலக்கண வகுப்பின் குறிப்பேட்டைத் திருத்துவதற்காக வாங்கிப் புரட்டினால் கடைசி நான்கைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது கவிதை. கைப்பேசி வந்தபின் குறிப்பேட்டின் வேலையை அது ஏற்றுக்கொண்டது. ஊர் முழுமைக்கும் காட்டவல்ல ஒரு கருவியை ஒருவர்க்கும் காட்டாத பூட்டிய பெட்டியாக நம் மாணவச் செல்வங்கள் பயன்படுத்தி வருகின்றனர். தப்பித்தவறி ஒரு பக்கம் நம் கண்ணில் பட்டுவிட்டால், "சார், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்ற வேண்டுகோள் வருகிறதே தவிர, "எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி வருவதில்லை.

இத்தகையோர்க்குப் பெரியவர்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: "அஞ்சாதே, துணிந்து மேடையேறு." அறிவுரை நன்றே. எனினும் அச்சம் முழுவதும் எழுதுபவன் நெஞ்சில் மட்டுமே இருப்பதாக அது கருதிக்கொள்கிறது. அச்சத்தின் ஒரு பாதி அவையில் இருக்கிறது என்பது நம் கருத்து. கேட்பதற்கு ஒருவர் இல்லாத இடத்தில் துணிவை மட்டும் கொண்டு ஓர் இளைஞன் என்ன செய்வான்?

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எழுதியதைக் காட்டாமல் இருப்பதைப் 'பணிவு' என்று சொல்லிக்கொள்வோர் நம்மிடையே பலர். இதற்கு அவையடக்கம் என்னும் பழஞ்சொல்லைத் துணைக்கழைப்போரும் உளர். அச்சொல்லின் பொருள் அதுவன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அவையடக்கியலுக்கு இலக்கணம் வகுக்கும்போது, 'வல்லமையற்ற நான் கூறினும் நீங்கள் அதனை வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று எல்லாரையும் வணங்கி மொழிவதாகவே அதனைச் சொல்கிறார். ஆக, கூறுதல் முதலில் நிகழ்கிறது. அடக்கம் அதனுடன் வருகிறது. வாயே திறவாதவனுக்கு அவையடக்கம் பாட இடமேது?

கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனைந்த பூனைக்கு ஒப்பிட்டார். ஆனால் இராமகாதையைப் பாடாமல் நிறுத்தவில்லை. உமறுப் புலவர் இன்னும் ஒருபடி கீழிறங்கினார். மலைகளையும் கடல்களையும் கலக்கி வீசும் சூறைக்காற்றின் எதிரே சிற்றெறும்பு ஒன்று விட்ட மூச்சே தம் பாட்டு என்றார். அந்த எறும்பின் மூச்சு மூன்று காண்டங்களாக, 5,027 பாடல்கள் வரை நீண்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்! சீறாப்புராணத்தின் அவையடக்கத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த மாணவர்களுள் இதனை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

உமறுவின் வரலாற்றில் நம் பொருளுக்கு உரிய செய்தி வேறொன்றும் உண்டு. எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற அவர், சீதக்காதி வள்ளலின் விருப்பத்தால் நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் காவியமாக்க முன்வந்தார். மார்க்கச் செய்திகளைப் பெறும்பொருட்டுச் சதக்கத்துல்லா அப்பா அவர்களை அணுகியபோது அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், பரங்கிப்பேட்டையிலிருந்த மாமு நயினார் லெப்பையிடமிருந்து அச்செய்திகள் கிடைத்தன என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வள்ளலும் இடையில் மறைந்தார். பின்னர்க் கைகொடுத்தவர் அபுல் காசிம் மரைக்காயர். நூலின் பல இடங்களில் நன்றியோடு போற்றப்படுகிறார் அவர். ஒருவர் மறுத்தார், ஒருவர் கொடுத்தார், ஒருவர் மறைந்தார், ஒருவர் தாங்கினார். நூல் அச்சேறியதோ 1842ஆம் ஆண்டில்தான். அதுவரை ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக ஓலையில் படியெடுத்தும் பாடியும் அதனைக் காத்தவர்கள் கேட்டவர்களே. பெரும்புலவனுக்கே இத்தனை கைகள் வேண்டியிருந்தன எனில், பத்தொன்பது வயதுப் பிள்ளையைத் 'தனியே துணிந்து வா' என்பது எவ்வகையில் பொருந்தும்?

அரங்கேற்றம் என்ற நம் மரபையும் இக்கண்கொண்டு மீண்டும் பார்க்கலாம். இக்காலத்தில் அச்சொல் பெரும்பாலும் நாட்டியத்திற்கே வழங்கி, பட்டுப்புடவையும் அழைப்பிதழுமாகச் சுருங்கிவிட்டது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. நச்சினார்க்கினியர் தம் உரையில் இதற்கொரு கதை சொல்கிறார். தொல்காப்பியர் மீது சினங்கொண்டிருந்த அகத்தியர், 'அவன் நூலைக் கேளாதே' என்று அதங்கோட்டாசானைத் தடுத்தாராம். தொல்காப்பியரோ கேட்குமாறு வற்புறுத்தினார். இருவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத ஆசான், கேட்பது, ஆனால் குற்றம் கூறிக்கொண்டே கேட்பது என்று முடிவு செய்தார். கூறிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடையிறுத்தார். கதை எவ்வளவு உண்மையோ, அதில் உள்ள உலகியல் அறிவு பெரிது. கேளாதே என்று ஆணையிட்ட ஆசிரியரும், குற்றம் கூறியேனும் கேட்ட ஆசிரியரும் அதில் இருக்கின்றனர். அதங்கோட்டாசான் ஒரு வரியையும் புகழ்ந்ததாக அக்கதையில் இல்லை. இறுதிவரை இருந்து கேட்டார். நமக்கு அதுவே போதும்.

நம் வீடுகளில் உருது பேசுவோர்க்கு இதே செய்தி வேறு பெயரில் தெரியும். உஸ்தாதிடம் கவிதையைக் கொடுத்து 'இஸ்லாஹ்', அதாவது திருத்தம் பெறாமல் முஷாயிராவில் ஏறுவது அக்காலத்து வழக்கமன்று. மிர்சா காலிப், ஹர்கோபால் தஃப்தா முதலிய மாணாக்கர்களின் பாக்களை அஞ்சல் வழியே வாங்கித் திருத்தி அனுப்பினார். அவருடைய கடிதங்களைப் படிப்போர் ஒரு சொல்லை மாற்றுவதற்கு அவர் கூறும் காரணங்களைக் கண்டு வியப்பர். திருத்தப்பட்ட கவிதையோடு முஷாயிராவுக்குச் செல்பவன் தனியாகச் செல்வதில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது. அவையும் ஊமையாக இருப்பதில்லை. நல்ல அடியைக் கேட்டால் 'வாஹ்' என்கிறது, 'முகர்ரர்' என்று மீண்டும் பாடச் சொல்கிறது. சற்றே ஆரவாரம் மிகுந்த முறைதான். நம் தமிழ்க் கூட்டங்களின் இறுக்கமான கைதட்டலைவிட அது மேலானது என்பது நம் எண்ணம்.

இனி நம் பகுதிக்கு வருவோம். தேன்கனிக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பொது அச்சத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அது மொழியச்சம். கருநாடக எல்லையை ஒட்டிய இப்பகுதியில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், தக்கினி உருது ஆகிய நான்கும் ஒலிக்கின்றன. தக்காளிச் சந்தையில் விலை பேசும்போது ஒருவர் மூன்று மொழிகளைக் கலப்பது இங்கு வியப்பன்று. ஓசூர்த் தொழிற்பேட்டைகள் 1970களுக்குப் பின் வளர்ந்தபோது தமிழ்நாட்டின் பிற மாவட்டத்தாரும், பின்னாளில் வட மாநிலத்தாரும் வந்து சேர்ந்தனர். இத்தகைய மண்ணில் பிறந்த பிள்ளை வீட்டில் ஒரு மொழி பேசுகிறது. பள்ளியில் வேறொன்று எழுதுகிறது. கவிதை எழுதினால், 'என் தமிழ் தூய தமிழன்று, தஞ்சாவூர்க்காரர் படித்தால் சிரிப்பார்' என்று ஒளிக்கிறது. தக்கினியில் எழுதினால், 'இது கொச்சை உருது, இலக்னோக்காரர் சிரிப்பார்' என்று அதையும் ஒளிக்கிறது. இரண்டு வீடு இருந்தும் ஒன்றிலும் உறங்காத கதையாகிறது.

இவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை. கோல்கொண்டாவை ஆண்ட முஹம்மது குலி குதுப் ஷா தக்கினியில் பாடியவர். ஐதராபாத் நகரைக் கண்டதும் அவரே. அவர் காலம் நானூறு ஆண்டுகளுக்கு முந்தையது. அவருக்குப் பின் வந்த வலி தக்கனியின் கவிதைகளைக் கேட்டபின்னரே தில்லிப் புலவர்கள் பாரசீகத்தை விட்டுத் தம் பேச்சுமொழியில் பாட மனங்கொண்டனர் என்பது உருது இலக்கிய வரலாறு. எனவே தக்கினியைக் கொச்சை என்பார்க்கு வரலாறு தெரியவில்லை என்றே பொருள்.

தமிழிலும் அவ்வாறே. வீட்டில் தெலுங்கு பேசிய இடைசெவல் கி. ராஜநாராயணன் தம் முப்பதுகளில்தான் சிறுகதை எழுதத் தொடங்கினார், பள்ளிப்படிப்பும் மிகுதியில்லை. அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இன்று ஆய்வாளர்க்கு மூலநூல். 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. மலையாளம் வழியே பயின்ற தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான், தம் கடற்கரைப் பேச்சையே கருவியாகக் கொண்டு 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதினார். 'முஸ்லிம் முரசு' இதழ் அதனைத் தொடராக வெளியிட்டது, 1988இல் நூலாயிற்று. அத்தமிழைக் கண்டு முகஞ்சுளித்தோர் இருந்திருக்கலாம். ஒரு சமுதாய இதழ் பக்கம் கொடுத்ததனால் தமிழ் நாவல் உலகில் ஒரு கடற்கரை இடம்பெற்றது. சமுதாயப் பெரியவர்கள் இதனைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகிறோம்.

வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான் உருதுக் கவிஞர்கள் குடும்பத்தில் தோன்றியவர். கஜலைத் தமிழுக்குக் கொணர அவ்வீட்டுச் செவி அவருக்கு உதவியது. எல்லைக்கு அப்பாலும் ஒரு சான்றுண்டு. மாலூர் வட்டத்து மாஸ்தி கிராமம் நம் ஓசூரிலிருந்து தொலைவன்று. அவ்வட்டத்தில் தமிழ் பேசும் குடும்பத்திற் பிறந்த மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டிற்கான ஞானபீட விருதைப் பெற்றார். எல்லைப்புறப் பிள்ளையின் வீட்டுமொழி ஒரு குறையன்று, இன்னொரு செவி.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா அச்சமும் வெற்றச்சமன்று. துவரங்குறிச்சியில் பருவமெய்தியபின் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வளர்ந்த ரொக்கையா, 'சல்மா' என்னும் புனைபெயரில் மறைவாகவே எழுதினார். அவர் கவிதைகள் தாயின் துணையோடு வீட்டைக் கடந்து இதழ்களை எட்டின. 2000ஆம் ஆண்டில் முதல் தொகுதி வந்தது. அதன்பின் பேரூராட்சித் தலைவரானார். 2025இல் நாடாளுமன்ற மேலவைக்கும் சென்றார். அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அவர் எழுத்தில் நமக்கு உடன்பாடின்மை இருக்கலாம். ஆனால் ஒரு பெண் கவிதை எழுதக் கழிவறைக்குள் ஒளிய வேண்டியிருந்தது என்பது கவிதையின் குற்றமன்று, வீட்டின் குற்றம். அதற்கும் பல்லாண்டுகள் முன்னதாகவே, மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படித்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். எண்பதைக் கடந்த ஐயர் நாகூர்ப் பெண்ணொருத்தியின் முதல் நூலைப் படித்து நான்கு சொல் எழுதினார் என்பதில் அதங்கோட்டாசானின் பண்பு தெரிகிறதன்றோ?

பெருமாள்முருகன் செய்தி யாவரும் அறிந்தது. 2010இல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு நான்காண்டு கழித்து எதிர்ப்பு மூண்டு, 2015 சனவரியில் தாம் எழுத்தாளராக இறந்துவிட்டதாக அவர் அறிவிக்க நேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2016 சூலையில் தீர்ப்பளித்தபின் அவர் மீண்டு வந்தபோது வெளியிட்ட கவிதைத் தொகுதியின் பெயர் 'கோழையின் பாடல்கள்'. அப்பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது. அஞ்சுகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுதலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இக்காலத்து அவையோ கைப்பேசித் திரை. பாடியவுடன் உலகெங்கும் சென்றுவிடும் வசதி கம்பருக்குமில்லை, காலிப்புக்குமில்லை. வசதி பெரிது, ஆனால் இந்த அவைக்கு முகமில்லை. எத்தனை பேர் விரும்பினர் என்ற எண்ணிக்கை மட்டும் தெரிகிறது. நல்ல கவிதைக்கு ஏழு பேரும், நண்பனின் பிறந்தநாள் படத்திற்கு எழுநூறு பேரும் கைதூக்கினால், பிள்ளை அதனைத் தீர்ப்பென்று கொள்கிறது. மௌனமும் தீர்ப்பாகிவிடுகிறது. உண்மையில் அவ்வவையில் பலர் கவிதையைப் படிக்கவே இல்லை. வள்ளுவர் அவையஞ்சாமையை எழுபத்து மூன்றாம் அதிகாரமாக வைத்தவர், அதற்கு முன்னே எழுபத்திரண்டாவதாக அவையறிதலை வைத்தார். தகுதியற்ற அவையில் மறந்தும் பேசவேண்டா என்பது அவர் கருத்து. அவையை அறிந்தபின் அஞ்சாமை. நாமோ அறியாத அவையில் பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டு, ஏன் அஞ்சுகிறாய் என்று கேட்கிறோம். பெயர் தெரியாதவன் எழுதும் வசைக்கு விடையிறுக்கக் கடமை எதுவுமில்லை என்பதையும் யாரேனும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

திருட்டைப் பற்றிய அச்சமும் உண்டு. நம் பெயரை நீக்கிவிட்டு நம் வரிகளைப் பிறர் பரப்புவது நாள்தோறும் நடக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய அப்பொழுதே உரிமை எழுதியவருக்கு உண்டாகிறது. பதிவு செய்திருக்க வேண்டுமென்பதில்லை. தேதியிட்ட கையெழுத்துப்படி ஒன்றை வைத்துக்கொள்வது சான்றாக உதவும். பெயர் வெளிவருவதில் இடர்ப்பாடுள்ள மாணவியர் புனைபெயர் சூடலாம். குறுந்தொகையில் பெயர் மறைந்த புலவர்களை அவர்தம் சொல்லாட்சியாலேயே செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைக்கிறோம். பெயர் போனாலும் பாட்டு நின்றது.

ஆயினும் திரைக்கு முன்பாக ஒரு முகம் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. இராமலிங்க அடிகள் தம் பாடல்களை அச்சிட இசையாதிருந்தார். சென்னை இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென உறுதி பூண்டார். 1867இல் திருவருட்பா வெளிவந்ததற்கு அந்தப் பட்டினியும் ஒரு காரணம். நாம் யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கேட்கிறோம்.

தமிழ்த்துறையின் சார்பில் ஒரு திட்டத்தை இம்மலர் வாயிலாக முன்வைக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, வகுப்பு முடிந்தபின், பத்துப் பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்து எழுதியதைப் படித்தல். மேடையும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் வேண்டா. அவை வந்தால் கவிதை போய்விடும். ஒருவர் படித்து முடிக்கும்வரை பிறர் குறுக்கிடலாகாது. முடிந்தபின் ஒவ்வொருவரும் ஒரு வரியைச் சுட்டி, இது ஏன் நன்று அல்லது ஏன் தைக்கவில்லை என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். 'அருமை' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இடமில்லை. அறையில் கேட்டது அறையிலேயே தங்க வேண்டும். கைப்பேசியில் படமெடுப்பது கூடாது. மாணவியர் விரும்பினால் பேராசிரியைகளோடு தனியே அமரலாம், தாய்மாரும் வரலாம். மூன்று நான்கு அமர்வுகளில் திருத்தம் பெற்றபின் துறையின் கையெழுத்து இதழில் வரட்டும். அதன்பின் எழுதியவர் விரும்பினால் திரையில் ஏறட்டும்.

தமிழில் எழுதியவர் தமிழிலும் தக்கினியில் எழுதியவர் தக்கினியிலும் படிக்கலாம். தெலுங்கும் கன்னடமும் தடையில்லை. நம்முள் எல்லாருக்கும் எல்லா மொழியும் தெரியாதுதான். உருது ஷேர்களை நெஞ்சில் சுமந்துகொண்டு பள்ளிவாசல் திண்ணையில் பேச ஆளில்லாமல் அமர்ந்திருக்கும் முதியவர்கள் தேன்கனிக்கோட்டையில் உளர். கன்னடப் பள்ளியில் பயின்று ஓய்வுபெற்றவர்களும் உளர். அவர்களுக்காக நான்கு நாற்காலிகளை ஒதுக்கிவைத்துள்ளோம். அறுவடைக் காலத்தில் யானை வரவுக்கு அஞ்சி இராகிக் கொல்லையில் இரவுக்காவல் இருக்கும் மாணவர்கள் முன்கூட்டியே சொன்னால், அம்மாதத்து அமர்வை நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.